கறைக்கும் ஒரு காரணம் உண்டு

என் உத்தியோகக் காலம் முழுவதும் கார் தொழிற்சாலைகளின் பெயின்ட் ஷாப்பில் கழிந்தது. முதலில் சென்னைப் பக்கம். பிறகு அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில். வர்ணம் அடித்து, சூட்டடுப்பு வழியாக வெளியே வரும் கார் பாடியைக் குழல் விளக்குகள் வரிசையாக எரியும் கூடத்தில் நிறுத்துவார்கள். கையுறை மாட்டிய கையால் தடவியும், சாய்ந்து நின்று வெளிச்சம் விழும் விதத்தைப் பார்த்தும் குறை கண்டுபிடிப்பது என் வேலை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு தூசி, கதவு ஓரத்தில் வழிந்து உறைந்த ஒரு சொட்டு, ‘ஆரஞ்சு பீல்’ என்று நாங்கள் சொல்லும் மேடுபள்ளம், எதுவானாலும் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன். அடுக்கடுக்காகப் பூசிய வர்ணம் அத்தனையும் சேர்ந்தும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும். அந்த மெல்லிய தோலில் கறை இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம்.

அந்த வேலைக்கு அந்தக் கண் வேண்டும். அதில் எனக்கு இன்றும் பெருமைதான். ஆனால் அந்தக் கண்ணை ஆலை வாசலில் விட்டுவிட்டு வீட்டுக்கு வர என்னால் முடிந்ததில்லை. புதுப் பொருளின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பிரிக்க மனம் வராது. ஊருக்கு வந்தால் சுவரில் காரை பெயர்ந்த இடம்தான் முதலில் கண்ணில் படும். வயதான சொந்தக்காரர்களைப் பார்க்கப் போனால் அவர்களுடைய கைநடுக்கத்தையும் முகச் சுருக்கத்தையும் பார்க்காமல், வேறெங்கோ பார்த்துக்கொண்டு பேசுவேன். பாசம் இல்லாமல் அல்ல. தேய்மானத்தை நேருக்கு நேர் பார்க்க எனக்குத் தெரியவில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகு கண்ணாடியில் தெரிந்த என் முகத்தோடும் எனக்கு இதே சங்கடம் இருந்தது.

இதையெல்லாம் மாற்றியது ஒரு பொழுதுபோக்கு. மாடல் ரயிலின் சரக்கு வேகன்களுக்கு வர்ணத்தால் வயதேற்றும் வேலை. அதை ‘வெதரிங்’ என்பார்கள். வெயிலும் மழையும் தூசியும் துருவும் ஒரு வேகனை என்ன செய்யுமோ, அதைத் தூரிகையால் செய்து காட்டுவது.

மிச்சிகனில் குளிர்காலம் நீளம். அங்கே பல வீடுகளின் அடித்தளத்தில் மலையும் பாலமும் ஊரும் ஸ்டேஷனுமாக ஒரு மாடல் ரயில்பாதை இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு அப்படி ஒரு நண்பர் குழுவில் சேர்ந்தேன். அமெரிக்காவில் பெருவாரியாகப் புழங்கும் அளவு எச்.ஓ. நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. ஓர் அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர். 50 அடி நீளமுள்ள ஒரு பாக்ஸ்கார், அதாவது மூடிய சரக்கு வேகன், இந்த அளவில் பதினேழரை சென்டிமீட்டர் நீளம் வரும். நான் வாங்கிச் சேர்த்த வேகன்கள் எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்தபடி பளபளவென்று நின்றன. குழுவில் இருந்த பெரியவர் ஒருவர், ரயில்வே யார்டில் வேகன் பழுதுபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், என் வேகனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அழகாக இருக்கிறது. ஆனால் இது இன்னும் ஒரு மைல்கூட ஓடவில்லையே!” என்றார். எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது. அவர் அப்படிச் சொல்லவில்லை என்பது, அவருடைய வேகன்களைப் பார்த்தபோது புரிந்தது. ஒவ்வொன்றும் எங்கெங்கோ போய்விட்டு வந்த வேகன். ஒன்று நிலக்கரி சுமந்தது, ஒன்று சிமென்ட் சுமந்தது என்று எழுத்தைப் படிக்காமலேயே சொல்லிவிடலாம்.

இந்தக் கலைக்கு ஒரு மரபு உண்டு. ஜான் ஆலன் என்ற புகைப்படக்காரர் கலிஃபோர்னியாவின் மான்டரே நகரத்தில், தம் வீட்டில் ‘கோரி அண்ட் டிஃபீட்டட்’ என்ற கற்பனை ரயில்பாதை ஒன்றைக் கட்டினார். பொம்மை ரயில் புதிதாக மின்ன வேண்டும் என்று பலர் நினைத்த காலத்தில், எஞ்சினுக்கும் வேகனுக்கும் கட்டடத்துக்கும் அழுக்கும் துருவும் ஏற்றிப் படம் எடுத்து வெளியிட்டவர் அவர். புகைப்படக்காரர் என்பதால் வெளிச்சம் எதன்மேல் எப்படி விழுகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1973 ஜனவரியில் அவர் இறந்தார். அதே மாதத்தில் தீப்பிடித்து அந்த ரயில்பாதையும் போயிற்று. படங்கள் மிஞ்சின. இன்றைக்கும் வெதரிங் பழகுகிறவர்கள் அந்தப் படங்களிடம் போய்த்தான் நிற்கிறார்கள்.

பெரியவர் எனக்குத் தூரிகை பிடிக்கச் சொல்லித்தரவில்லை. “முதலில் டியூராண்டுக்குப் போய்ப் பார்” என்றார். ஃபிளின்ட்டுக்கும் லான்சிங்குக்கும் இடையில் உள்ள சின்ன ஊர் அது. ரயில்பாதைகள் குறுக்கிடும் சந்திப்பு. 1903-ல் கட்டி, தீயில் எரிந்து, 1905-ல் மீண்டும் எழுப்பிய பெரிய ஸ்டேஷன் கட்டடம் அங்கே இருக்கிறது. ஒரு காலத்தில் கிராண்ட் ட்ரங்க் வெஸ்டர்ன் ரயில்வேயின் ஊர். இப்போது அதன் தாய் நிறுவனமான கனேடியன் நேஷனலின் சரக்கு ரயில்கள் ஓடுகின்றன. பொதுமக்கள் நிற்கும் இடத்தில் நின்று, மைல் நீளத்துக்குப் போகும் வேகன்களைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். முதலில் எனக்குத் தெரிந்தது வெறும் அழுக்கு. பிறகுதான் அழுக்கில் ஓர் ஒழுங்கு இருப்பது தெரிந்தது.

வேகனின் முன்பக்க, பின்பக்கச் சுவரைப் பாருங்கள். கீழிருந்து மேலாக இரண்டு கரும்பட்டைகள் நேராக எழும்பி நிற்கும். அடுத்த வேகனின் இரண்டு சக்கரங்கள் மழையில் தண்டவாளத்துச் சேற்றை வாரி அடித்ததால் வந்தவை அவை. பட்டைகளுக்கு இடையே உள்ள தூரம் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரம். இது தெரியாதவர் அந்தச் சுவர் முழுக்கப் பழுப்பு அடிப்பார். தெரிந்தவர் இரண்டு பட்டை மட்டும் போடுவார்; பார்க்கிறவருக்கு வேகன் ஓடியது தெரிந்துவிடும்.

கூரையில் வர்ணம் திட்டுத்திட்டாக உரிந்து கீழே வெள்ளி நிறம் தெரிந்தால், அந்தக் கூரை துத்தநாகம் பூசிய தகடு. துத்தநாகத்தின் மேல் பெயின்ட் எளிதில் பிடிக்காது. பெயின்ட் ஷாப்காரனான எனக்கு இது தெரியும். ஆனால் ஒரு வேகன் கூரையைப் பார்த்து அதை நான் நினைத்துப் பார்த்ததில்லை. சக்கரங்களும் பேசும். பழைய வேகன்களில் அச்சுமுனைப் பெட்டிக்குள் எண்ணெயில் ஊறிய நூல்கழிவைத் திணித்து வைத்திருப்பார்கள். எண்ணெய் கசிந்து, தூசியோடு சேர்ந்து, சக்கரத்தின் முகம் கெட்டியான கறுப்பாக இருக்கும். பிற்காலத்தில் ரோலர் பேரிங் வந்தது. எண்ணெய் வெளியே வரவில்லை. அதனால் புதுக் காலத்து வேகன்களின் சக்கர முகம் வறண்ட துருப் பழுப்பு. எந்தக் காலத்து வேகனாக இருந்தாலும் தண்டவாளத்தைத் தொடும் விளிம்பு மட்டும் வெள்ளியாக மின்னும். தண்டவாளத்தில் ஓயாமல் உரசும் இடத்தில் துரு தங்காது.

சரக்கைப் பொறுத்தும் கறை மாறும். சிமென்ட் ஏற்றும் மூடிய ஹாப்பரில், அதாவது அடியில் திறந்து சரக்கைக் கொட்டும் வேகனில், மேல்மூடிகளுக்குக் கீழே சாம்பல் நிறக் கோடுகள் இறங்கி, மழை பட்டு இறுகியிருக்கும். எண்ணெய் டேங்கரில் ஊற்றுவாயைச் சுற்றித்தான் வழிசல். வாயிலிருந்து எட்ட இருக்கும் இடத்தில் வழிசல் வராது. இரும்புக் கழிவு ஏற்றும் திறந்த வேகனின் பக்கச் சுவர்கள் உள்ளிருந்து அடிபட்டு வெளியே புடைத்திருக்கும். அந்தப் புடைப்பில் வர்ணம் விட்டுப்போன இடத்தில்தான் துரு தொடங்கும். தானியம் ஏற்றும் வேகனில் சிந்திய தானியம் மழையில் நனைந்து முளைவிட்டிருப்பதைக்கூடப் பார்க்கலாம்.

துருவிலும் வயது உண்டு. புதுத் துரு ஆரஞ்சு. பழைய துரு கருமை கலந்த பழுப்பு. நடுவில் கருத்தும், ஓரத்தில் சிவந்தும், அங்கிருந்து மழைநீர் இழுத்த மெல்லிய கோடு கீழ்நோக்கியும் இருந்தால், அது நிஜமான துரு. தண்ணீர் கீழேதான் போகும். இந்த ஒரு விதியை மதித்தாலே பாதி வேலை சரியாகிவிடும்.

துருவைப் பகையாகவே பார்த்த எனக்கு ஒரு செய்தி பெரிய ஆச்சரியம். 1930-களில் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் கார்டென் என்ற எஃகை அறிமுகப்படுத்தியது. அதன் மேல் படியும் துரு நெருக்கமான படலமாகி, உள்ளே இருக்கும் இரும்பை மேற்கொண்டு அரிக்கவிடாமல் காக்கும். இன்று கட்டடக் கலைஞர்கள் அழகுக்காகப் பயன்படுத்தும் இந்த எஃகு, தொடக்கத்தில் நிலக்கரி வேகன்களுக்குத்தான் போனது. துரு காவலாக நிற்கவும் முடியும் என்பதை ஒரு வேகனிடமிருந்து கற்றேன்.

அழுக்கு ஒரு பெரிய திட்டத்தையே கவிழ்த்த கதையும் உண்டு. அமெரிக்காவில் ஒரு ரயில்வேயின் வேகன் இன்னொரு ரயில்வேயின் பாதையில் ஓடும். லட்சக்கணக்கான வேகன்கள் எங்கே இருக்கின்றன என்று கண்காணிக்க வேண்டும். அதற்காக டேவிட் காலின்ஸ் என்ற பொறியாளர் சில்வேனியா நிறுவனத்தில் ‘கார்ட்ராக்’ என்ற முறையை உருவாக்கினார். வேகனின் பக்கத்தில் ஆரஞ்சு, நீலம், வெள்ளை, கறுப்புப் பட்டைகள் கொண்ட ஓர் அட்டை; பாதையோரத்தில் அதைப் படிக்கும் கருவி. 1967-ல் ரயில்வே நிறுவனங்களின் சங்கம் அதைத் தன் தரமுறையாக ஏற்றது. பெரும்பாலான வேகன்கள் அட்டை ஒட்டிக்கொண்டன. ஆனால் அட்டைமேல் தூசியும் கரியும் சேறும் படிந்தன. துடைத்துவைக்க ஆள் இல்லை. கருவியால் படிக்க முடியாத அட்டைகள் பெருகி, 1970-களின் பிற்பாதியில் திட்டத்தைக் கைவிட்டார்கள். 1990-களில் வந்த ரேடியோ அட்டைதான் அந்தச் சிக்கலைத் தீர்த்தது. ரேடியோ அலைக்கு அழுக்கு தடை இல்லை. கார்ட்ராக் காலத்து வேகனைச் செய்கிறவர் அந்தச் சின்னப் பட்டை அட்டையை ஒட்டி, அதன் மேல் மங்கலாகத் தூசி ஏற்றினால், ஒரு சரித்திரத்தையே சொல்லிவிடுகிறார்.

வேகனுக்கு ஆயுள் கணக்கும் உண்டு. 1974 ஜூலையிலிருந்து கட்டிய வேகன், பொதுவாக 50 ஆண்டு வரை மற்ற ரயில்வேக்களின் பாதைகளில் ஓடலாம். அதற்கு முன் கட்டியவற்றுக்கு 40 என்று இருந்தது. இத்தனை காலத்தில் வேகன் கை மாறும். பென்சில்வேனியா ரயில்ரோடும் நியூயார்க் சென்ட்ரலும் 1968-ல் சேர்ந்து பென் சென்ட்ரல் ஆயின. 1976-ல் அது கான்ரெயில் ஆயிற்று. 1999-ல் கான்ரெயிலைப் பெரும்பாலும் இரண்டு நிறுவனங்கள் பங்கு போட்டுக்கொண்டன. ஒவ்வொரு முறையும் எல்லா வேகனுக்கும் புதிதாக வர்ணம் அடிக்கக் கட்டுப்படியாகாது. பழைய எழுத்தின் மேல் ஒரு சதுரம் வர்ணம், அதன் மேல் புது எழுத்தும் எண்ணும். மங்கிய பக்கச் சுவரில் அந்தச் சதுரம் மட்டும் புதிதாக இருக்கும். 2005-ல் வந்த விதிப்படி ஒட்டிய, ஒளியைத் திருப்பிக் காட்டும் மஞ்சள் பட்டைகள் இன்னும் பிற்பாடு வந்தவை. ஒரு வேகனின் பக்கத்தில் எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று வரிசைப்படுத்தத் தெரிந்தால், எதன் மேல் எந்த அழுக்கு எவ்வளவு படிந்திருக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

பார்த்தது போதும், கை வைக்கலாம் என்று பெரியவர் சொன்னபோது நான் எடுத்தது கிராண்ட் ட்ரங்க் வெஸ்டர்னின் நீல பாக்ஸ்கார். கார் உதிரிபாகங்கள் ஏற்றிப்போன வகை. என் தொழிலோடு சம்பந்தப்பட்ட வேகன் என்பதால் அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம். வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பழக நினைப்பவர்களுக்கு உதவும்.

முதலில் கனக் கணக்கு. ஆலையில் நாங்கள் பூசிய அதே பத்தில் ஒரு மில்லிமீட்டர் வர்ணத்தை இந்த மாடலின் மேல் பூசினால், நிஜ அளவில் அது கிட்டத்தட்ட ஒன்பது மில்லிமீட்டர் கனமாகிவிடும். ஆணித்தலைகள் புதைந்துபோகும். மாடலில் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு துருப்புள்ளி வைத்தால், நிஜத்தில் அது ஒன்பது சென்டிமீட்டர் அகலத் துரு. அதனால் வர்ணம் நீராக இருக்க வேண்டும்; ஒரு முறையில் முடிக்காமல் பல முறை ஏற்ற வேண்டும்; தூரிகை முனை நூல்போல இருக்க வேண்டும்.

வேகனைச் சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்தினேன். கை எண்ணெய் இருந்தால் வர்ணம் ஒட்டாது. இது மாடலுக்கும் காருக்கும் பொது. அடுத்து மேட் வார்னிஷ், அதாவது பளபளப்பில்லாத வார்னிஷ். வழவழப்பான பரப்பில் வாஷ் என்னும் நீர்த்த வர்ணமும் பொடியும் நிற்காது. பிறகு வெளிறச் செய்தல். வெயில் எல்லா வர்ணத்தையும் ஒரே மாதிரி வெளுக்காது. சிவப்பு இளஞ்சிவப்பாகும், இந்த நீலம் சாம்பலும் சுண்ணாம்புமாக மங்கும். வேகனின் நீலத்திலேயே வெள்ளை கலந்து, மிகவும் நீர்க்கவைத்து, ஏர்பிரஷ்ஷால் புகைபோல ஏற்றினேன். கூரையை ஒட்டிய மேல்பகுதியில் கூடுதல், கீழே குறைவு. எழுத்துகள் இன்னும் படிக்க முடிய வேண்டும். ஆனால் அவையும் சேர்ந்து மங்க வேண்டும்.

அதன் பிறகு ஆயில் கலர். பர்ன்ட் அம்பர், ரா அம்பர், பர்ன்ட் சியன்னா, இந்த மூன்றும் இருந்தால் போதும். டியூபிலிருந்து பிதுக்கி ஓர் அட்டைமேல் வைத்துவிட வேண்டும். அட்டை எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். வர்ணம் பளபளப்பில்லாமல் காயும். அம்பரை மினரல் ஸ்பிரிட்டில் கரைத்துப் பக்கச் சுவரில் ஓடவிட்டேன். அது தகடுகள் சேரும் மடிப்பிலும் ஆணி ஓரத்திலும் தானாகவே போய் உட்கார்ந்தது. மிச்சத்தை அகலத் தூரிகையால் மேலிருந்து கீழாகத் துடைத்தெடுத்தேன். துடைப்பதுதான் வேலை, பூசுவது அதற்கு முன்னோட்டம்.

கதவின் கீழ் ஓரம், ஏணிப் படிகள், கதவு சறுக்கும் தண்டு, இவைதான் உரசும் இடங்கள். துரு அங்கே. பல்குத்தும் குச்சியின் முனையில் பர்ன்ட் அம்பரைத் தொட்டு ஒரு புள்ளி. அதன் ஓரத்தில் சியன்னா. ஸ்பிரிட்டில் நனைத்துத் துணியில் ஒற்றிய, கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் அந்தப் புள்ளியிலிருந்து கீழே ஒரே இழுப்பு. கோடு போகப் போகக் கரைய வேண்டும். அது கரையும் இடத்தில்தான் துரு நம்பும்படி ஆகிறது. சக்கர முகத்துக்குத் துருப் பழுப்பு. விளிம்பிலும் அச்சின் கூர்முனையிலும் வர்ணம் படக் கூடாது, பட்டால் வேகன் சரியாக ஓடாது. வேகன்களை இணைக்கும் கப்ளரின் மூட்டிலும் வர்ணம் வேண்டாம். துரு நிறப் பொடியைத் தடவினால் போதும். முன்பக்க, பின்பக்கச் சுவர்களில் அந்தச் சேற்றுப் பட்டைகளைக் கறுப்பும் பழுப்புமாக ஏர்பிரஷ்ஷில் ஏற்றினேன். கடைசியாக அடிப்பாகத்தில் பாதையோரத் தூசி நிறத்தில் பாஸ்டல் பொடி. மேலே மீண்டும் மேட் வார்னிஷ். வார்னிஷ் பட்டதும் பொடி பாதியாக மங்கும். அதை எதிர்பார்த்துக் கொஞ்சம் தூக்கலாகவே போட வேண்டும்.

பெயின்ட் ஷாப்காரனாக ஓர் எச்சரிக்கை. ஸ்பிரிட், லேக்கர் ஸ்பிரே, பொடி எதையும் மூடிய அறையில் கையாளாதீர்கள். மூச்சுக் கவசமும், புகையை வெளியே இழுக்கும் விசிறியும் தூரிகைக்கு முன்னால் வாங்க வேண்டியவை.

சியன்னா, அம்பர் என்று சொன்னேனே, அவை இரண்டும் மண். இரும்பு ஆக்சைடு நிறைந்த மண்ணை அப்படியேவோ சுட்டோ அரைத்த வர்ணங்கள். துருவும் இரும்பு ஆக்சைடுதான். பழைய அமெரிக்க வேகன்களுக்கு அடித்த பாக்ஸ்கார் சிவப்பும் அதே இரும்பு ஆக்சைடுதான். மலிவு, வெயிலில் தாங்கும் என்பதால் ரயில்வேக்கள் அதைப் பிடித்துக்கொண்டன. நம் ஊரில் ஜன்னல் கிராதிக்கு முதல் பூச்சாக அடிக்கும் ரெட் ஆக்சைடும், கோயில் மதிலில் வெள்ளைக்கு நடுவே இழுக்கும் காவியும் இதே இனம். துருவிலிருந்து இரும்பைக் காக்க அடிக்கும் வர்ணம், துருவின் நிறத்தைத் தீட்டும் வர்ணம், துரு, மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். வாழ்நாள் முழுவதும் வர்ணத்தோடு இருந்தும், குறையும் காப்பும் ஒரே மண்ணில் பிறந்தவை என்று எனக்கு ஒரு மாடல் வேகன் சொல்ல வேண்டியிருந்தது.

வேலை முடிந்ததும் ஊரில் இருக்கும் அம்மாவிடம் வீடியோ அழைப்பில் வேகனைக் காட்டினேன். “ஏம்ப்பா, காசு குடுத்துப் புதுசா வாங்கினதை இப்படி அழுக்காக்கிட்டியே?” என்றார்.

“வேலை பாத்த வண்டிம்மா. அழுக்கு இல்லாம இருந்தா வேலை பாக்கலைன்னு அர்த்தம்” என்றேன்.

அம்மா கொஞ்சம் யோசித்தார். “அப்படின்னா சரிதான். இந்தக் கதவுக்குக் கீழ மட்டும் ஏன் ஜாஸ்தியா இருக்கு?” என்று கேட்டார். கதவை இழுத்து இழுத்துத் திறப்பார்கள் அம்மா, அங்கே வர்ணம் தேய்ந்துவிடும் என்று விளக்கினேன். உடனே அவர் தன் வலது கையைக் கேமரா முன் நீட்டி, கட்டைவிரல் பக்கவாட்டில் அரிவாள்மணையில் காய் நறுக்கி நறுக்கித் தடித்துப்போன தோலைக் காட்டினார். “இதுவும் அப்படித்தான்” என்றார். இத்தனை வருஷத்தில் அம்மாவின் கையை அன்றைக்குத்தான் நான் கண்ணை விலக்காமல் பார்த்தேன். எந்த விரல் எதனால் அப்படி ஆயிற்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். சலிக்காமல் சொன்னார்.

வெதரிங் எனக்குத் தந்தது இந்தக் கேள்விதான். தேய்ந்த ஒன்றைக் கண்டால் ‘இது எதனால் வந்தது?’ என்று கேட்கிறேன். முன்பெல்லாம் ‘இது எப்படிப் போகும்?’ என்று மட்டும் கேட்டேன். முதல் கேள்வி கேட்டால் பார்வை அந்த இடத்திலேயே நிற்கிறது. இரண்டாவது கேள்வி கேட்டால் பார்வை ஓடிவிடுகிறது. ஆலையில் இரண்டாவது கேள்விக்கு இடம் உண்டு. புதுக் கார் விற்கிறவர் கறையோடு விற்க முடியாது. ஆனால் வாழ்க்கையில் நம்மைச் சுற்றி இருப்பவை பெரும்பாலும் புதியவை அல்ல. மனிதர்களும் அப்படித்தான்.

வெதரிங்கில் தேர்ந்தவர்களின் வேகனையும் பழகுகிறவர்களின் வேகனையும் பக்கத்தில் வைத்தால் ஒரு வித்தியாசம் தெரியும். தேர்ந்தவரின் வேகனில் கறை குறைவாக இருக்கும். எங்கே துரு வராதோ அங்கே அவர் கை வைக்க மாட்டார். கட்டி ஒரு வருஷம் ஆன வேகனுக்கு முப்பது வருஷத் துருவை ஏற்ற மாட்டார். ஒரே ரயிலில் எல்லா வேகனையும் ஒரே அளவு அழுக்காக்க மாட்டார். நிஜ ரயிலில் நேற்று வர்ணம் அடித்ததும் நாளை உடைக்கப் போவதும் அடுத்தடுத்து ஓடும். வர்ணத்தில் கெட்டிக்காரத்தனம் காட்டுவதைவிட, பார்த்ததற்கு உண்மையாக இருப்பது இந்தக் கலையில் பெரிது.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். விலை உயர்ந்த வேகனை எடுக்காதீர்கள். பழைய மாடல் விற்கும் சந்தையில் கிடைக்கும் மலிவான ஒன்றை எடுங்கள். நிஜ வேகனின் புகைப்படத்தை எதிரில் வைத்துக்கொள்ளாமல் தூரிகையைத் தொடாதீர்கள். இன்னொருவர் தீட்டிய மாடலைப் பார்த்துத் தீட்டாதீர்கள். அமெரிக்க வேகன்தான் வேண்டும் என்பதும் இல்லை. அரக்கோணத்திலோ ஜோலார்பேட்டையிலோ நடைமேடையில் நின்றால் போதும். நிலக்கரி ஏற்றும் திறந்த வேகனும், மூட்டை ஏற்றும் மூடிய வேகனும் எதிரே போகும். அவற்றின் கறைக்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு கறையையும் வைக்கும் முன், இது எதனால் வந்தது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாவிட்டால் அந்தக் கறையை விட்டுவிடுங்கள்.

வேகனில் இதைப் பழகிய பிறகு, தயவுசெய்து வீட்டில் இருக்கும் பெரியவர்களிடமும் ஒருமுறை பழகிப் பாருங்கள். அவர்கள் கையில் இருக்கும் தழும்பையும் காய்ப்பையும் காட்டி, இது எதனால் வந்தது என்று கேளுங்கள். அவர்கள் சொல்லக் காத்திருக்கிறார்கள். நாம்தான் கேட்பதில்லை.